மணலில் பதிந்த காலடி: நான் சிலம்பம் படித்த வருடங்கள்

1996 ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு தொடங்கிய அதே வாரத்தில் என்னைச் சிலம்பத்திலும் சேர்த்துவிட்டார்கள். கம்பு என் கைக்கு வந்தது மார்கழியில்தான். இடைப்பட்ட ஆறு மாதமும் விடிவதற்கு முன் எழுந்து போய், வெறுங்கையோடு மணலில் கால் மாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். பத்தாம் நாளே "எப்ப மிஸ் கம்பு சுத்த விடுவாங்க?" என்று கேட்கும் பெற்றோர்களுக்காகவும், இனிமேல் படிக்கப் போகிறவர்களுக்காகவும் அந்த ஆறு மாதத்தைப் பற்றியும் அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றியும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருச்செந்தூர் பக்கம், தேரியை ஒட்டியது. தேரி என்றால் கடலிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் செம்மணல் காடு. மேடும் பள்ளமுமாகச் செக்கச்செவேலென்று கிடக்கும். பனை, உடைமரம், முந்திரி இவைதான் அங்கே நிற்கும். ஆடிக் காற்றில் மேடு இடம் மாறும். சித்திரையில் பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. அப்பா பனையேறி. காலையில் அவர் பதநீர் இறக்கப் போகும்போது நான் பின்னாலேயே போவேன். அவர் பனைக்கு, நான் வாத்தியாரிடம்.

எனக்குச் சிலம்ப ஆசை வந்தது அந்த வருடம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில். நையாண்டி மேளம் முழங்க, இளவட்டங்கள் கம்பைச் சுற்றிக்கொண்டு ஆள் ஆளாக இறங்கினார்கள். கம்பே தெரியாத அளவுக்கு வேகம். கடைசியில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மண்ணைத் தொட்டு, வணக்கம் சொல்லும் சலாம் வரிசை எடுத்துவிட்டு நின்றார். அவர் கம்பைச் சுற்றவேயில்லை. எதிரே இருந்தவன் பாய்ந்தான், இவர் ஓரடி நகர்ந்தார், அவன் கம்பு தெறித்துக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. மூன்று பேருக்கும் அதேதான் நடந்தது. அந்த ஓரடி எனக்கு வேண்டும் என்று அன்று இரவே அப்பாவிடம் கேட்டேன்.

"பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்குக் கம்பு?" என்று ஆச்சி சத்தம் போட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. வெற்றிலை பாக்கில் ஒண்ணேகால் ரூபாய் வைத்து என்னை அந்தப் பெரியவரிடமே கூட்டிக்கொண்டு போனார். வாத்தியார் என் காலைத்தான் முதலில் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி, மணலில் பத்தடி நடந்து காட்டச் சொன்னார். நடந்து முடித்ததும் என்னைப் பார்க்காமல், நான் விட்டுவந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். "நாளைக்கி வரச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த நாள் பனைமட்டையால் மணலில் ஒரு கட்டம் கிழித்தார். நாலு மூலை. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போக வேண்டும், போகும்போது இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும், தலை மட்டும் மேலும் கீழும் ஆடக் கூடாது. இதற்குச் சுவடு என்று பெயர். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு இதை மட்டும் செய்தோம். எட்டுப் பேர் சேர்ந்தோம். ஆடி மாதம் முடிவதற்குள் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள்.

மணலில் படித்தது எனக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை. காலை ஊன்றினால் புதையும். அவசரப்பட்டுத் திரும்பினால் கணுக்கால் சறுக்கும். எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவராமல் அந்த மணலில் வேகமாகத் திரும்பவே முடியாது. எல்லாவற்றையும்விட, மணல் எழுதி வைத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் வாத்தியார் எங்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, கட்டத்தைச் சுற்றி வந்து தடத்தை வாசிப்பார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு தடத்திலும் நிற்பார்.

"இந்தா பாரு, குதிங்கால் குழி விழுந்துருக்கு. இங்க நீ பின்னால சாஞ்சிருக்க. இந்த நேரம் ஒருத்தன் நெஞ்சுல குத்துனா மல்லாக்க வுழுவ."

இன்னொரு தடத்தைக் காட்டுவார். முன்பாதம் சுழன்ற இடத்தில் மணல் அரைவட்டமாக ஒதுங்கியிருக்கும், ஓரம் உடையாமல். "இது சரி. இது ஒண்ணுதான் சரி. இது மாதிரி போடு" என்பார். அன்றைக்கு நான் வைத்திருந்தது நூறு அடிக்கு மேல் இருக்கும். அதில் ஒன்று சரி. அந்த ஒரு தடத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்கழியில் கம்பு வந்தது. கம்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்குப் பிள்ளைகள் கையில் இருக்கும் பாதிக் கம்பு அவர்களுக்குப் பொருந்தாத கம்பு. நேராக நின்றால் தரையிலிருந்து புருவ நடுவரை, அதுதான் அளவு. வளர்கிற பிள்ளைக்கு வருடம் ஒருமுறையாவது அளந்து பார்க்க வேண்டும். "பிறகு வளர்ந்துருவால்லா" என்று பெரிய கம்பாக வாங்கிக் கொடுப்பது யூனிபார்முக்குச் சரி, கம்புக்குச் சரியில்லை. நுனி தரையில் தட்டும், தட்டாமல் இருக்கப் பிள்ளை தோளைத் தூக்கும், தூக்கிய தோள் அப்படியே பழகிவிடும். கனமும் அப்படித்தான். பிடித்தால் நடுவிரல் நுனி உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் கம்பு தடிமன்.

எங்களுக்குக் கல்மூங்கில். உள்ளே ஏறக்குறையப் பொந்தே இல்லாத வகை. வாத்தியார் தேய்பிறையில் வெட்டிய கம்பாகக் கேட்டு வாங்குவார். அப்போதுதான் வண்டு விழாது என்பார். மூங்கிலில் மாவுச்சத்து இருக்கும்வரை அதைத் தின்ன வண்டு வரும், அதனால்தான் தண்ணீரில் ஊறப்போட்டு அதைக் கரைக்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஊறிய கம்பை நிழலில் உலர்த்தி, கோணல் இருக்கும் இடத்தை அனலில் வாட்டி, இரண்டு பனைகளுக்கு நடுவில் கொடுத்து நிமிர்த்தினோம். கணுவை அரத்தால் ராவி, கையை ஓட்டிப் பார்த்தால் எங்கும் பிசிறு தட்டக் கூடாது. நுனி பிளக்காமல் இருக்க இரண்டு பக்கமும் பூண். மாதம் ஒருமுறை வேப்பெண்ணெய். ஒரு கம்பு தயாராக இரண்டு மாதம் ஆனது. தானே செய்த கம்பை யாரும் கீழே போட்டுவிட்டுப் போவதில்லை. இன்று கடையில் பிரம்பும் மூங்கிலும் உடனே கிடைக்கின்றன. வாங்குங்கள், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பழைய துணியால் கம்பை முழுக்கத் துடையுங்கள். விரிசல் இருந்தால் துணி நூல் மாட்டும். விரிசல் விட்ட கம்போடு மோதினால் சிராய் எதிராளியின் கண்ணுக்குத்தான் போகும்.

சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு சுற்றும்போது வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சுற்று ஒரே சீராக இருந்தால் ஓசை அறுபடாது. மணிக்கட்டு எங்காவது மாட்டினால் அந்த இடத்தில் ஓசை விக்கும். நான் வேகமாகச் சுற்றச் சுற்ற விக்கலும் கூடிற்று. மெதுவாகச் சுற்றினால் ஓசையே வரவில்லை. "ஓசை வார அளவுக்குச் சுத்து, விக்கத்தான் கூடாது" என்று அவர் சொன்ன நடுவான வேகத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பங்குனி ஆகிவிட்டது. இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். கண்ணாடி பொய் சொல்லும், காது சொல்லாது.

தொடக்கத்தில் எல்லோரும் கம்பை இறுக்கிப் பிடிக்கிறார்கள். நானும் அப்படித்தான். இரண்டு வாரத்தில் முன்கை கல்லாகி, நோட்டில் எழுத முடியாமல் போனது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் பிடித்தால் போதும், மற்ற இரண்டும் சும்மா கூடவே வரட்டும், அடி விழுகிற நொடியில் மட்டும் ஐந்தும் சேரட்டும். அலங்கார வீச்சுக்கு நடுவில் பிடிப்பது வேறு, சண்டைக்குப் பின்பக்கம் பிடித்து இரண்டு கைகளுக்கும் இடைவெளி விடுவது வேறு. இரண்டையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொடுத்தால் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். குத்து, வெட்டு, வாரி வீசும் வாரல், எதிராளியின் கம்பைச் சிக்கவைக்கும் பூட்டு என்று ஒவ்வொன்றாக வரும்போதும், முதல் நாள் கம்பில்லாமல் அதன் காலடியை மட்டும் செய்ய வைப்பார்.

1999இல் விரலில் அடி வாங்கினேன். தவறு என்னுடையதுதான். ஜோடிப் பயிற்சியில், எண்ணிக்கைக்கு அடிக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கையை முந்தினேன். எதிரே நின்ற பெண்ணின் கம்பு என் இடதுகை மோதிரவிரலில் விழுந்தது. வீக்கத்தை வீட்டில் மறைத்தேன். தெரிந்தால் ஆச்சி நிறுத்திவிடுவாள் என்ற பயம். எண்ணெய் தடவி, துணி சுற்றி, பத்து நாள் அப்படியே ஓட்டினேன். கடைசியில் அம்மா பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தபோது, எலும்பு கோணலாகச் சேரத் தொடங்கியிருந்தது. அந்த விரல் இன்றும் முழுதாக மடங்காது. அதனால் என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: அடிபட்டால் அன்றைக்கே என்னிடமும் வீட்டிலும் சொல்ல வேண்டும், சொன்னதற்காக யாரையும் பயிற்சியிலிருந்து நிறுத்த மாட்டேன். பிள்ளைகள் வலியைவிட நிறுத்தப்படுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். விரலில் வீக்கம் இரண்டு நாளில் வடியவில்லை, மடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஒத்தடம் அதற்குப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று. மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்று நான் யாரிடமும் கேட்க முடியவில்லை. வாத்தியாரிடம் எப்படிக் கேட்பது? வயிற்றுவலியோடு போய், தாவல் எடுத்து, ஒருமுறை கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். என் வகுப்பில் இதை முதல் வாரமே வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். அன்றைக்கு முடிந்தால் செய்யலாம், முடியாவிட்டால் ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கை சொல்லலாம். காரணம் கேட்க மாட்டேன். வயிறு காலியாகவும் யாரும் வரக் கூடாது. நாங்கள் ஒரு செம்பு நீராகாரம் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் போவோம். பயிற்சி முடிந்ததும் கருப்பட்டித் துண்டு ஒன்று. வியர்வை கொட்டுகிற ஊரில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

2000இல் மாவட்டப் போட்டி. தூத்துக்குடிக்கு முதல்முறையாகக் கம்போடு பஸ் ஏறினேன். தனிக்கம்பு வீச்சில் பரிசு கிடைத்தது. சண்டைப் பிரிவில், கம்பு நுனியில் துணி சுற்றிப் பொடி தொட்டிருந்தார்கள். உடம்பில் படும் தடத்தை எண்ணிப் புள்ளி. என் எதிராளி என்னைவிடக் குட்டை. வீச்சில் வாங்கிய கைதட்டல் காதில் இருக்க, நான் பாய்ந்தேன். அவள் என் கம்பை வாங்கி, பூட்டுப் போட்டு, ஒரு திருகு. கம்பு கையை விட்டுப் போனது. நான் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் நெற்றியில் தொட்டாள், தோளில் தொட்டாள், விலாவில் தொட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாத்தியார் வெகுநேரம் பேசவில்லை. திருச்செந்தூர் நெருங்கும்போது கேட்டார்: "கம்பு போச்சு, சரி. அது எல்லாருக்கும் போவும். காலு உங்கிட்டதானட்டி இருந்துச்சு? அத எதுக்கு அங்கயே போட்டுட்டு நின்ன?"

அடுத்த நாளிலிருந்து புதுப் பாடம். நான் கம்போடு நிற்பேன். அவர் திடீரென்று தட்டிவிடுவார். தட்டிய நொடியில் நான் கம்பைப் பார்க்காமல் கட்டத்தின் வேறு மூலையில் இருக்க வேண்டும். இதை மூன்று மாதம் செய்தோம். இன்று என் பிள்ளைகளுக்குச் சண்டைப் பிரிவைத் தொடங்குவதே இங்கிருந்துதான். கம்பு விழுவதைப் பழகிக்கொண்ட பிள்ளை கம்பை இறுக்கிப் பிடிப்பதில்லை, அதனாலேயே அதன் கம்பு எளிதில் விழுவதுமில்லை.

படிப்பா சிலம்பமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். பத்தாம் வகுப்பு தை மாதம் வாத்தியாரே என்னை அனுப்பிவிட்டார். "பரிச்ச முடிஞ்சி வா. தெனமும் கட்டம் மட்டும் போடு, சாமி கும்புடுத நேரம் போதும்" என்றார். பதினைந்து நிமிடம், காலடி மட்டும். மூன்று மாதம் கழித்துப் போனபோது கை மறந்திருந்தது, கால் மறக்கவில்லை. ஒரு வாரத்தில் கையும் வந்துவிட்டது. இதற்குப் பிறகு பரீட்சை நேரத்தில் எனக்குப் பதற்றமே இருந்ததில்லை. முழுக்க நிறுத்திவிடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினைந்து நிமிடத்தைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

2003இல் கல்லூரிக்குப் பாளையங்கோட்டை. விடுதியில் கம்பு ஆயுதக் கணக்கில் சேர்ந்தது. அலுவலக அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், விடுமுறைக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் கட்டத்துக்குக் கம்பு வேண்டாமே. காலை ஐந்து மணிக்கு மொட்டைமாடி. சிமெண்டுத் தரையில் தடம் பதியாது, என்ன தவறு செய்கிறேன் என்றே தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து யோசனை வந்தது. ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப்போய், பாதத்தை நனைத்துக்கொண்டு சுவடு போட்டேன். விடியற்காலைக் குளுமையில் அந்த ஈரம் காய்வதற்குச் சில நிமிடங்கள் ஆகும். குனிந்து பார்த்தால் குதிகால் வட்டம் வட்டமாக எல்லா இடத்திலும் இருந்தது. சமதரை வந்ததும் நான் பின்னால் சாயத் தொடங்கியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். மணல் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: ஒரு வாளித் தண்ணீர் போதும். வழுக்கும், மெதுவாகச் செய்யுங்கள்.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. என் பிள்ளைகளோடு அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பெண்பிள்ளைகளைச் சேர்க்க இப்போது யாரும் தயங்குவதில்லை. இதெல்லாம் வாத்தியார் காலத்தில் கனவுகூட இல்லை.

ஆனால் ஒன்றை மனவருத்தத்தோடு சொல்கிறேன். சாதனை என்ற பெயரில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை மணிக்கணக்காகக் கம்பு சுற்ற வைக்கிறார்கள். பானை மேல் நின்று, ஆணிப் பலகை மேல் நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு. முடிந்ததும் கேடயம், சான்றிதழ், புகைப்படம். அந்த ஒன்றிரண்டு மணிநேரத்தில் பிள்ளையின் கால் ஒரே இடத்தில் நிற்கிறது. மணிக்கட்டு மட்டும் தேய்கிறது. முற்றாத எலும்புக்கு அது பெரிய பாரம். வலிக்கிறது என்று சொல்லக் கூடாத இடத்தில் அந்தப் பிள்ளையை நாம் நிறுத்தி வைக்கிறோம். என்னிடம் வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், அதற்கு நான் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று. சிலர் வேறு இடம் பார்த்துப் போகிறார்கள். போகட்டும்.

எந்த வாத்தியாரிடம் சேர்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு: ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அவர் பிள்ளைகளின் கையை மட்டும் பார்க்கிறாரா, காலையும் பார்க்கிறாரா? தவறு செய்த பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறாரா, எல்லார் முன்னாலும் கத்துகிறாரா? புதுப் பிள்ளையை எடுத்த எடுப்பில் ஜோடி சேர்த்து மோத விடுகிறாரா? அடிபட்ட பிள்ளை வாத்தியாரை நோக்கி வருகிறதா, ஒளிகிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரிதான். சிலம்பத்துக்கு எத்தனை ஆயிரம் வருட வயது என்று மேடையில் பேசுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எங்கள் வாத்தியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

2006 மே மாதம், கல்லூரி முடிந்து ஊருக்கு வந்திருந்தேன். அவருக்கு எழுபதுக்கு மேல். கண்ணில் புரை விழுந்து, வெயிலில் கையை நெற்றியில் வைத்துத்தான் ஆளைப் பார்ப்பார். ஒரு காலையில் அவரே கம்பை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்றார். சலாம் வரிசை எடுத்தோம். நான் உள்ளே போக வழி தேடி மணலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் அரையடி நகர்வார், வழி அடைந்துவிடும். நான் விடவில்லை. பாயவும் இல்லை. அவரும் நானும் எவ்வளவு நேரம் அப்படிச் சுற்றினோம் என்று தெரியாது, பனையேறிவிட்டு வந்த அப்பா குடுவையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு திருப்பத்தில் அவர் தோள் திறந்தது. வாரல் எடுத்தேன். என் கம்பு அவர் விலாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் கம்பு என் நெற்றியில், ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது.

கம்பை எடுத்துவிட்டுக் கீழே குனிந்தார். புரை விழுந்த கண்ணோடு, தடத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் ஒரு இடத்தைத் தொட்டார்.

"வலது காலு இன்னும் பிந்துது, பாத்துக்கோ."

அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தக் கால் இப்போதும் சில நாள் பிந்தும். அன்றைக்குக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடிப்பேன்.